தடிமனான கோப்பு விசா வாங்கித் தருமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேராக்கின் ரப்பர் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று டொராண்டோவிலும் ஹூஸ்டனிலும் மெல்பர்னிலும் குடியிருக்கிறார்கள். அங்கே பேரப்பிள்ளை பிறந்தாலோ பட்டமளிப்பு விழா வந்தாலோ, ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் இருக்கும் பெற்றோர் ஒரு முறையாவது போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். டிக்கெட் காசைப் பிள்ளைகள் கட்டிவிடுவார்கள். பெற்றோரைத் தயங்க வைப்பது வேறு: "நம்மகிட்ட காட்டுறதுக்கு என்ன பத்திரம் இருக்கு?"

இந்தத் தயக்கம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். அவற்றில் சில வீண் செலவு வைக்கும். சில, வருடக்கணக்கில் வாசலையே அடைத்துவிடும். பேராக் குடும்பங்களில் அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு பெரிய கோப்பு தயார் செய்ய வேண்டும்.

உண்மை: மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்களுக்குப் பல நாடுகள் கோப்பே கேட்பதில்லை. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். பிரிட்டனுக்குச் சுற்றிப்பார்க்கப் போகவும் விசா வேண்டாம். 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்ற மின்னணு அனுமதியைப் புறப்படும் முன்பே எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவுக்கும் கைப்பேசிச் செயலி வழியாக இடிஏ கிடைக்கிறது; ஒரு முறை போனால் 3 மாதம் வரை தங்கலாம். இந்தியாவுக்கு இ-விசா உண்டு. அந்தப் படிவம் பெற்றோரின் பெயர், அவர்கள் பிறந்த ஊர், இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் விவரம் ஆகியவற்றைக் கேட்கும்.

கோப்பு உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் கனடா, அமெரிக்கா, 3 மாதத்துக்கு மேல் தங்க நினைத்தால் ஆஸ்திரேலியாவின் 600 வகை விசா. இவையும் ஒரே மாதிரி அல்ல. கனடாவுக்கு இணையத்தில் ஏற்றும் தாள்கள்தான் உங்களுக்காகப் பேசும். பெரும்பாலோர் அதிகாரியின் முகத்தையே பார்ப்பதில்லை. அமெரிக்காவுக்கு டிஎஸ்-160 என்ற இணையப் படிவமும் கோலாலம்பூர் தூதரகத்து நேர்காணலும் முக்கியம். ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயில் ஏறி, கை வலிக்கக் கோப்பைச் சுமந்து போகிறவர்களிடம் அதிகாரி ஒரு தாளைக்கூடக் கேட்காமல் போகலாம். நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். படிவத்தில் எழுதியதும் வாயால் சொல்வதும் ஒன்றாக இருக்கிறதா என்பதே அங்கே பார்க்கப்படுகிறது.

தோட்டத்துக் குடும்பங்கள் இன்னொன்றையும் முதலிலேயே கவனிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நீல ஐசி, அம்மாவுக்கு மட்டும் சிவப்பு ஐசி என்ற வீடுகள் பேராக்கில் இன்றும் உண்டு. நிரந்தரவாசியான அவருக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. ஆகவே மேலே சொன்ன சலுகைகளும் அவருக்குப் பொருந்தாது. எந்தப் பயண ஆவணத்தில் போக முடியும் என்பதைக் குடிநுழைவுத் துறையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மற்ற வேலையைத் தொடங்க வேண்டும்.

நம்பிக்கை 2: வங்கியில் பெரிய தொகை இருந்தால் போதும், கடன் வாங்கியாவது போட்டுக் காட்டலாம்.

உண்மை: அதிக விண்ணப்பங்களைக் கெடுக்கும் யோசனை இதுதான். ஒரு பிஎஸ்என் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். மாதா மாதம் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் பென்ஷன் 700 வெள்ளி வருகிறது. மகன் 500 வெள்ளி போடுகிறான். தெனாகா பில்லுக்கும் மளிகைக்கும் பணம் எடுக்கப்படுகிறது. இருப்பு நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில் ஏறி இறங்குகிறது. விண்ணப்பத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது திடீரென்று ஒரே வரியில் 30,000 வெள்ளி. அந்த ஒரு வரி, அதற்கு முன்னால் உள்ள எல்லா வரிகளின் மீதும் சந்தேகத்தைக் கிளப்பிவிடும். அதிகாரி பார்ப்பது இருப்புத் தொகையை மட்டுமல்ல. பல மாதப் பணப்போக்கையும் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்.

வருகையாளருக்கு இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று கனடா பொதுவாக ஒரு தொகையை நிர்ணயிக்கவில்லை. எத்தனை நாள் தங்குகிறீர்கள், ஓட்டலிலா உறவினர் வீட்டிலா என்பதைப் பொறுத்து அது மாறும். மகள் வீட்டில் தங்கி, மகளே செலவைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் அதை அப்படியே எழுதலாம்; மகளின் சம்பளச் சீட்டு, வரிக் கணக்கு, வங்கி அறிக்கை ஆகியவற்றைக் கூடவே வைக்கலாம்.

கணக்கில் பெரிய தொகை உண்மையாகவே வந்திருந்தால் பயப்பட வேண்டாம். 55 வயதில் எடுத்த ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) பணம் என்றால் இபிஎஃப் அறிக்கையை இணையுங்கள். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனை ஒப்பந்தத்தை இணையுங்கள். வந்த வழி தெரிந்த பணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உறுத்தாது.

நம்பிக்கை 3: பால் வெட்டிப் பிழைத்தவர்களுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

உண்மை: நிறையவே இருக்கிறது. மாதச் சம்பளக் கடிதமும் நிறுவனப் பதிவும் இல்லாதவர்கள் வெறுங்கையோடு நிற்பதாக நினைக்கிறார்கள். ஆனால் இபிஎஃப் 1951இலேயே தொடங்கிவிட்டது. தோட்டத்தில் உழைத்த காலத்துச் சந்தா பலருக்கு அதில் பதிவாகியிருக்கிறது. 1971இல் அமைந்த சொக்சோ, வேலையில் ஊனமுற்றவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் பென்ஷன் கொடுத்து வருகிறது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அப்பாவோ தாத்தாவோ வாங்கிய அந்தப் பங்குச் சான்றிதழ் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. உங்கள் பெயருக்கு மாற்றப்பட்டிருந்தால் அதுவும் ஒரு சொத்துதான்.

தோட்டம் கைமாறி, செம்பனையாகி, லயத்தை விட்டு வெளியேறித் தாமானில் வீடு வாங்கியவர்களிடம் வீட்டு கிரான்ட் இருக்கும். சுக்காய் பிந்து, சுக்காய் தானா ரசீதுகள் இருக்கும். திரும்பி வருவதற்கான காரணம் என்பது இதுதான்: சொந்த வீடு, மாதந்தோறும் இங்கே வரும் பென்ஷன், கூடவே வாழும் குடும்பம், தொடர்ந்து நடக்கும் மருத்துவம், பொறுப்பு வகிக்கும் கோயில் நிர்வாகம். தங்கும் காலம் முடிந்ததும் இவர் நாட்டை விட்டுக் கிளம்புவார் என்று அதிகாரிக்கு மனம் நிறைவடைய வேண்டும் என்கிறது கனடாவின் விதி. அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு இன்னும் கடுமையானது. வருகிறவர் அங்கேயே குடியேற வருகிறார் என்றுதான் அது முதலில் வைத்துக்கொள்கிறது; அப்படி இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வசதி பெரிதாக வேண்டாம். வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இவற்றையெல்லாம் ஒரு பக்கக் கடிதத்தில் கோர்த்துக் கொடுங்கள். கனடாவுக்கு விண்ணப்பிக்கும் ஓய்வுபெற்ற ஒருவர் இப்படி எழுதலாம்: "எனக்கு 67 வயது. தோட்டத்தில் பால் வெட்டும் வேலை செய்து ஓய்வு பெற்றேன். சுங்கை சிப்புட்டில் சொந்த வீட்டில் மனைவியுடனும் இளைய மகன் குடும்பத்துடனும் வசிக்கிறேன். மூத்த மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவள் வீட்டில் தங்குவேன். பயணச் செலவும் சாப்பாடும் அவள் பொறுப்பு. ஆகஸ்டில் எனக்கு ஈப்போ மருத்துவமனையில் பரிசோதனை இருக்கிறது. அதற்கு முன் திரும்பிவிடுவேன்." ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்கட்டும். தாள் காட்ட முடியாத பெருமை எதையும் எழுத வேண்டாம்.

நம்பிக்கை 4: பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விசா கிடைக்காது. அல்லது, ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: இரண்டும் பாதி உண்மைதான். தோட்டத்துக் கிராணி தன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களோடு ஒரு தலைமுறையே வாழ்ந்திருக்கிறது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில் முனிசாமி, அவருடைய ஐசியில் முனியசாமி, மகளின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் முனியாசாமி என்று, ஒரே மனிதர் ஆங்கில எழுத்துகளில் மூன்று பேராக நிற்பார். இதற்காக விண்ணப்பம் தானாகவே நிராகரிக்கப்படாது. விளக்கம் இல்லாமல் விட்டால்தான் 'இவர் அவருடைய தகப்பன்தானா' என்ற கேள்வி எழும்.

1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் எடுக்கும் உறுதிமொழி, மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று விளக்க உதவும். ஆனால் அது பதிவேட்டைத் திருத்தாது. பதிவிலேயே பிழை இருந்து, அது திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தால் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் திருத்தம் கேட்பதுதான் நிலையான வழி. அதற்குக் காலம் பிடிக்கும்; பயணத் தேதி குறித்த பிறகு தொடங்கக் கூடாது.

இன்னும் மூன்று இடங்களைச் சரிபாருங்கள். முதலாவது பிறந்த தேதி. ஐசி எண்ணின் முதல் ஆறு இலக்கமும் பிறந்த தேதிதான்; அடுத்து வரும் 08 பேராக்கைக் குறிக்கும். பிறப்புப் பத்திரத்தில் உள்ள தேதி அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இரண்டாவது முகவரி. மைகார்டில் இன்னும் பழைய லாடாங் முகவரியும், தெனாகா பில்லில் தாமான் முகவரியும் இருந்தால், மைகார்டை முதலில் புதுப்பியுங்கள். மூன்றாவது படிவத்தில் பெயர் எழுதும் கட்டங்கள். மலேசியக் கடப்பிதழில் பெயர் முழுவதும் ஒரே வரியில் இருக்கும். குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. இப்படிப்பட்ட பெயரை முழுவதுமாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்கிறது கனடா. அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி நீங்களாகப் பிரித்து எழுதினால், கடப்பிதழுக்கும் விசாவுக்கும் பொருந்தாமல் போகும்.

நம்பிக்கை 5: கோயிலில் நடந்த கல்யாணம், பதிவு இல்லை. கணவன் மனைவி என்று போட முடியாது.

உண்மை: தேதியைப் பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சமய முறைப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணங்களைப் பதிவு செய்யப்பட்ட திருமணங்களாகவே அந்தச் சட்டம் கருதுகிறது. 1974இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிய தம்பதி சட்டப்படி கணவன் மனைவிதான். கையில் சான்றிதழ் வேண்டுமென்றால், அப்படிப்பட்ட பழைய திருமணத்தையும் விருப்பப்பட்டுப் பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது, ஜேபிஎன்னில் கேளுங்கள்.

1982 மார்ச்சுக்குப் பிறகு பதிவு செய்யாமல் நடந்தது என்றால் நிலைமை வேறு. தாலி கட்டியிருந்தாலும் படிவத்தில் 'திருமணமானவர்' என்று போட்டுவிட்டுச் சான்றிதழ் கேட்கும்போது விழிக்கக் கூடாது. ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து தம்பதியாகச் சேர்ந்து வாழ்பவர்களுக்குக் கனடாவின் படிவத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. உள்ள நிலையைச் சொன்னால் அதற்குரிய இடம் அங்கே உண்டு.

நம்பிக்கை 6: அங்கிருந்து அழைப்புக் கடிதம் முத்திரையோடு வந்தால் விசா உறுதி.

உண்மை: சுற்றுலா விசாவுக்கு அழைப்புக் கடிதம் தேவையில்லை, கொண்டுவந்தாலும் அதை வைத்து முடிவெடுப்பதில்லை என்று அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிப்படையாகவே சொல்கிறது. மகனின் உத்தரவாதத்தைவிட விண்ணப்பதாரரின் சொந்த நிலைமைதான் அங்கே கணக்கு.

கனடாவில் இந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அது உத்தரவாதம் ஆகாது. முத்திரையைவிட உள்ளடக்கம் முக்கியம்: அழைப்பவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, வேலை, குடியுரிமை நிலை, வருகிறவரோடு உள்ள உறவு, வருகைக் காரணம், எத்தனை நாள், எங்கே தங்குவது, யார் செலவு. உறவைக் காட்டப் பிறப்புப் பத்திர நகலையும் கூடவே வைப்பது நல்லது.

பேரப்பிள்ளையை நீண்ட காலம் கூட இருந்து பார்த்துக்கொள்ள நினைக்கும் பெற்றோர் சூப்பர் விசாவைப் பற்றி விசாரிக்கலாம். சாதாரண வருகையாளருக்குப் பொதுவாக 6 மாதம்தான். கனடாவில் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றவரின் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் சூப்பர் விசாவில் ஒரே நேரத்தில் 5 ஆண்டு வரை தங்க அனுமதி கிடைக்கும். குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கான மருத்துவக் காப்புறுதியும், பிள்ளையின் வருமானம் குறிப்பிட்ட அளவை எட்டுவதும் நிபந்தனைகள்.

நம்பிக்கை 7: மலாய்ப் பத்திரத்தைப் படித்த பிள்ளையே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

உண்மை: கனடாவுக்குக் கூடாது. ஆவணம் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லையென்றால் மொழிபெயர்ப்போடு மூலத்தின் நகலும் வேண்டும். விண்ணப்பதாரர், அவருடைய பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமன், அத்தை, மருமக்கள்வரை யார் செய்த மொழிபெயர்ப்பும் ஏற்கப்படாது. அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும் சரி. கோலாலம்பூரில் உள்ள மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் நிறுவனமான ஐடிபிஎம் சான்றளித்த மொழிபெயர்ப்பைச் செய்து தருகிறது. ஊர்ச் சொத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வாங்கி வைத்த தமிழ்ப் பத்திரங்களுக்கும் இதே விதிதான். எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் செலவு செய்ய வேண்டாம். உங்கள் கடிதத்தின் ஒரு வரியைத் தாங்கும் பத்திரமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

நம்பிக்கை 8: டிக்கெட்டை முதலில் வாங்கிக் காட்டினால்தான் நம்புவார்கள்.

உண்மை: விசா கைக்கு வரும்வரை டிக்கெட் வாங்க வேண்டாம் என்றே அமெரிக்கா அறிவுறுத்துகிறது. கனடாவுக்கும் பயணத் தேதிகளைக் குறித்த திட்டம் போதும். அமெரிக்க வருகையாளர் விசாவுக்கு 185 டாலர். கனடாவுக்கு 100 கனடிய டாலர் கட்டணம், கைரேகைக்கு மேலும் 85. நிராகரித்தாலும் இவை திரும்பி வராது. அவற்றோடு டிக்கெட் காசையும் இழக்க வேண்டாம்.

நம்பிக்கை 9: முன்பு நிராகரித்ததை மறைத்துவிடலாம். மற்றதை ஏஜெண்டு பார்த்துக்கொள்வார்.

உண்மை: இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சமாதானத்துக்கும் இடமில்லை. இதுவரை எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று கனடாவின் படிவம் கேட்கிறது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடிநுழைவுத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாட்டில் கொடுத்த கைரேகையும் பதிலும் மற்ற நாட்டுக்குத் தெரியாது என்று நம்பி யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

முன்பு மறுக்கப்பட்டது என்பது குற்றமல்ல. அதைச் சொல்லி, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விளக்கினால் விசா கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். பொய் சொன்னதாகத் தெரிந்தால் கனடா 5 ஆண்டு தடை விதிக்கும். ஆஸ்திரேலியா பொதுவாக 3 ஆண்டு, அடையாளத்தில் பொய் என்றால் 10 ஆண்டு. அமெரிக்காவில் அந்தத் தடை ஆயுளுக்கும் நீளக்கூடியது. இல்லாத கடையில் மேற்பார்வையாளர் வேலை என்று கடிதம் தயாரித்துக் கொடுக்கும் ஏஜெண்டு தன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். தடை, படிவத்தில் பெயர் உள்ள அம்மாவுக்குத்தான் விழும்.

காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தைக் கையாள, அந்நாட்டு வழக்கறிஞர், உரிமம் பெற்ற ஆலோசகர் போன்ற அங்கீகாரம் பெற்றவர்கள்தான் சட்டப்படி தகுதியானவர்கள். அவர் பெயரையும் படிவத்தில் காட்ட வேண்டும். பெயரைப் போட மறுக்கும் ஏஜெண்டிடம் கடப்பிதழைக் கொடுக்காதீர்கள்.

ஒருவேளை கனடா மறுத்துவிட்டால் அதே கோப்பை மறுபடி அனுப்புவதில் பயனில்லை. கனடாவில் இருக்கும் மகனோ மகளோ, பெற்றோரின் ஒப்புதலோடு தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி, அதிகாரி எழுதிய குறிப்புகளைக் கேட்டு வாங்கலாம். எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று தெரிந்த பிறகு அந்த இடத்தைச் சரிசெய்து விண்ணப்பியுங்கள்.

எப்படித் தொடங்குவது?

முதலில் கடப்பிதழ், மைகார்டு, பிறப்புப் பத்திரம், திருமணச் சான்று நான்கையும் மேசையில் வைத்துப் பெயர், தேதி, முகவரி ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஜேபிஎன் வேலை இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அடுத்து, கடந்த 6 மாத வங்கி அறிக்கை, இபிஎஃப், சொக்சோ தாள்கள், வீட்டு ரசீதுகள். பிறகு பிள்ளையின் அழைப்புக் கடிதமும் அவருடைய ஆவணங்களும். மொழிபெயர்ப்பு அதற்குப் பிறகு. படிவத்தைக் கடைசியில் நிரப்புங்கள். அப்போது ஒவ்வொரு பதிலும் கையிலுள்ள தாளைப் பார்த்தே எழுதப்படும்.

படிவத்தை நிரப்புவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். அனுப்புவதற்கு முன் அப்பாவையும் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, எல்லாக் கேள்வியையும் பதிலையும் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். தங்களுக்குத் தெரியாத ஒரு வரிகூட அதில் இருக்கக் கூடாது. நேர்காணலிலோ விமான நிலையத்திலோ அதிகாரி கேட்கும்போது பதில் சொல்லப்போகிறவர்கள் அவர்கள். தாங்கள் வாழ்ந்த வாழ்க்கையைத்தான் சொல்லப் போகிறார்கள் என்றால் அவர்கள் எதற்கும் தடுமாற வேண்டியதில்லை.